ஓய்வுக்கும் ஒரு மகமை

செட்டிநாட்டில் வேலை இல்லாத மாதம் எது என்று கேட்டால் மார்கழியைக்கூடக் காட்ட முடியாது. பிள்ளையார் நோன்பு வரும். அது முடிந்தால் பொங்கல், நாட்டரசன்கோட்டைப் பக்கம் செவ்வாய்ப் பொங்கல், பிறகு முன்னோருக்கான குடும்பப் படைப்பு, சிவராத்திரி, வைகாசியில் கல்யாணங்கள். நடுவில் ஒரு அறுபதாம் கல்யாணம் வந்தால் பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைத் திறந்து ஒட்டடை அடிக்க ஆள் தேட வேண்டும். காரைக்குடியில் கடை வைத்திருப்பவர்களுக்கும் பலகாரம் போடுபவர்களுக்கும் இதே நாட்கள்தான் சம்பாதிக்கிற நாட்கள். "இந்த விசேஷம் முடியட்டும், ரெண்டு நாள் படுத்துக்கலாம்" என்று சொல்லாதவர்கள் இல்லை. முடிந்ததும் பாத்திரத்தை எண்ணிக் கட்டும் வேலை வந்து நிற்கும்.

வேலை போக மிஞ்சுவதுதான் ஓய்வு என்று வைத்துக்கொண்டால் அது மிஞ்சவே மிஞ்சாது. இங்கே கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள் மகமை என்று ஒன்று வைத்திருந்தார்கள். லாபம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் கொடுப்பதல்ல அது. கோயிலுக்கும் தருமத்துக்கும் ஒரு சிறு பங்கை முதலிலேயே எடுத்துத் தனிப் பேரில் வரவு வைத்துவிடுவார்கள். ஓய்வையும் அப்படித்தான் எடுத்து வைக்க வேண்டும்: பகலில் அரை மணி நேரம், வாரத்தில் ஒரு அரை நாள். ராத்திரித் தூக்கத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது கைமுதல், அதில் கை வைத்தால் வியாபாரமே நடக்காது.

முதலில் நேரம் எங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள். ஒரு சாதாரண நாள், ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு ஞாயிறு என்று மூன்று நாள் போதும். ஒரு நோட்டில் மணிக்கு ஒரு வரி: என்ன செய்தோம், யார் கேட்டுச் செய்தோம். அந்த இரண்டாவதை விட்டுவிடாதீர்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் போனில் போன நேரம் கணக்கில் வராது. ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்றும், ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' என்றும் ஒன்று இருக்கும். அதைத் திறந்து அந்த எண்ணையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். பலருக்கு வேண்டிய அரை மணி நேரம் அங்கேயே கிடைத்துவிடும்.

எழுதியதைப் பார்த்தால் பெரிய வேலைகள் நம்மைத் தின்பதில்லை என்று தெரியும். காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டுக்குள் வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பால் காய்ச்சுவது, மறந்துபோன கொத்தமல்லிக்கு ஒரு நடை, கொரியர்க்காரருக்கு வழி சொல்வது. இவற்றைக் குறைப்பது சுலபம். ஒரு லிட்டர் பிளாஸ்கில் டிகாக்‌ஷனைப் போட்டு வைத்துவிட்டால் பாலை மட்டும் சூடாக்கினால் போதும். சாமான் பட்டியலை அடுக்களைக் கதவில் ஒட்டி, வாரம் இரண்டே முறை கடைத்தெருவுக்குப் போகலாம். சீப்புச் சீடை, மணகோலம் மாதிரிப் பலகாரங்களை வீட்டில்தான் சுட வேண்டும் என்ற பிடிவாதத்தையும் கொஞ்சம் தளர்த்தலாம். காரைக்குடியில் அவற்றை நன்றாகச் செய்து விற்கிறார்கள், வாங்குவதில் ஒரு குறைவும் இல்லை.

கஷ்டமானது, கேட்பவர்களிடம் முடியாது என்று சொல்வது. உறவுக்காரர்களிடம் வெறும் 'முடியாது' எடுபடாது, மனத்தாங்கலில் முடியும். நேரத்தைச் சொல்லிவிடுவதுதான் இங்கே செல்லும் வழி. "ஆச்சி, வெள்ளிக்கிழமை பத்து மணி வரைக்கும் எனக்குத் தோதுப்படாது. அதுக்கப்புறம் எதுன்னாலும் சொல்லுங்க, வந்துர்றேன்." இதில் மறுப்பு இருப்பதே தெரியாது. காரணம் சொல்லாதீர்கள். "உடம்பு சரியில்லை" என்று ஆரம்பித்தால் பார்க்க வந்துவிடுவார்கள், அதற்கும் காபி போட வேண்டும். நாலு வாரம் ஒரே நேரத்தைச் சொல்லிவந்தால், "அவ வெள்ளிக்கிழமை காலையில வரமாட்டா" என்று அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

பகல் அரை மணி நேரத்துக்கு வருவோம். சாப்பாடு முடிந்து ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் தலை சாய்க்கலாம். மூன்றைத் தாண்டினால் ராத்திரித் தூக்கத்தில் கடித்துவிடும். அலாரம் 25 நிமிடத்துக்கு: கண்ணயர ஐந்து, தூங்க இருபது. ஒரு மணி நேரம் தூங்கினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அரை மணி நேரத்தைத் தாண்டும்போது ஆழ்ந்த தூக்கம் தொடங்கிவிடுகிறது. அதன் நடுவில் எழுந்தால் தலை கனக்கும், வாய் கசக்கும், யார் பேசினாலும் எரிச்சல் வரும். "மத்தியானம் படுத்தா எனக்கு ஒத்துக்காது" என்பவர்களில் பலர் அதிக நேரம் தூங்குகிறவர்களே.

ராத்திரி தூக்கம் வராமல் புரள்கிறவர்கள் பகலில் தூங்க வேண்டாம். கண்ணை மூடிப் படுத்திருந்தால் போதும். வளவோ (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு) பட்டாலையோ (கூடம்) உள்ள வீடென்றால் இடம் தேட வேண்டியதில்லை. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சித்திரையிலும் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் வெறுந்தரையில் படுத்தால் இடுப்புக்கு ஆகாது. கோரைப்பாய் ஒன்றை விரித்து முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். காபியில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கூடக்குறைய இருக்கும். ஐந்து மணிக்குக் குடித்த காபியில் பாதி, படுக்கப் போகும் பத்து மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கடைசிக் காபியை மூன்றரைக்குள் முடித்துவிடுங்கள். விருந்தாளியோடு சேர்ந்து குடிக்க வேண்டியிருந்தால் சுக்குமல்லிக் காபி இருக்கவே இருக்கிறது.

அடுப்படியிலும் கடையிலும் நின்றே பொழுதைக் கழிப்பவர்களுக்குக் கால்தான் முதலில் பேசும். சுவரோரம் மல்லாந்து படுத்துக் கால் இரண்டையும் சுவரில் நீட்டிப் பத்து நிமிடம் வைத்தால் வீக்கம் வடியும். இதய நோய், மூச்சிரைப்பு, கண் அழுத்த நோய் உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். நின்று வேலை செய்யும் இடத்தில் கனமான ரப்பர் விரிப்பு ஒன்றும், ஒரு சாண் உயரப் பலகை ஒன்றும் போட்டுவைத்து, காலை மாற்றி மாற்றிப் பலகைமேல் வைத்து நின்றால் இடுப்புவலி குறையும். கடை முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை: வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. ஸ்டூல் வாங்கி மூலையில் போட்டுவைத்து, உட்கார்ந்தால் முறைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

வாரத்தின் அரை நாளுக்குப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எண்ணெய்க் குளியல் போதும். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி, ஆண்களுக்குப் புதன், சனி என்று கிழமையும் பெரியவர்களே குறித்துக் கொடுத்துவிட்டார்கள். அது வழக்கொழிந்து தீபாவளிக்கு மட்டும் என்று ஆனதற்கு நேரமில்லை என்பதைக் காரணமாகச் சொல்கிறோம். எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே இட்லி ஊற்றினால் நேரம் இருக்கத்தான் செய்யாது.

செய்முறை இதுதான். ஒரு ஆளுக்குச் செக்கு நல்லெண்ணெய் 80 மில்லி போதும்: தலைக்கு 30, உடம்புக்கு 50. அடுப்பில் நேராக வைத்துச் சுட வைக்க வேண்டாம். கிண்ணத்தில் ஊற்றி வெந்நீருக்குள் ஐந்து நிமிடம் இறக்கி வைத்தால் பதமான சூடு வந்துவிடும். மணிக்கட்டின் உட்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், இதமாக இருந்தால் சரி. சீரகமும் மிளகும் போடுகிற வீடுகளில் சிறுதீயில் அரைக் கரண்டி சீரகமும் நாலு மிளகும் பொரிந்ததும் இறக்கி, நன்றாக ஆறவிட்டுத்தான் தொட வேண்டும். பொரிந்த எண்ணெய் வெளியே தெரியாமல் வெகுநேரம் கடும் சூட்டில் இருக்கும்.

உச்சந்தலையில் ஆரம்பியுங்கள். நகத்தால் கீறாமல் விரல் நுனியின் சதையால் தேய்க்க வேண்டும். பிறகு காதின் பின்புறம் (காதுக்குள் விட வேண்டாம்), பிடரி, தோள். கை கால்களுக்கு நீளவாக்கில், மூட்டுகளுக்கு வட்டமாக. உள்ளங்காலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், தேய்த்தபின் நடக்கவே நடக்காதீர்கள். குளியலறை வாசலிலேயே சாக்கு விரித்து, அதன்மேல் மணையைப் போட்டு உட்கார்ந்து தேய்த்துக்கொள்வதுதான் நல்லது. ஆத்தங்குடிக் கல் கண்ணாடிமேல் வைத்துச் செய்யப்படுவது. அந்தப் பளபளப்பில் எண்ணெய்க் கால் பட்டால் பிடிமானமே இருக்காது. இடுப்பெலும்பு முறிந்து படுத்த பெரியவர்களின் கதை ஒவ்வொரு தெருவிலும் ஒன்று இருக்கும். நடையில் தடுமாற்றம் உள்ளவர்கள் உள்ளங்காலை விட்டுவிடலாம். தரையில் சிந்தியதைச் சீயக்காயும் வெந்நீரும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். ஆசிட் ஊற்றாதீர்கள். அந்தக் கல் சூளையில் சுட்டதல்ல, சிமெண்டு. ஆசிட் அதன் மேற்பரப்பை அரித்து நிறத்தையும் கொண்டுபோய்விடும்.

தேய்த்தபின் இருபது நிமிடம் சும்மா இருக்க வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஊற வைப்பதால் கூடுதலாக ஒன்றும் வராது. உடம்புச் சூடு இறங்குகிறது என்று சொல்வார்கள். அந்தச் சூட்டுக் கணக்கை ஒதுக்கிவைத்தாலும் இதில் ஒரு பெரிய ஆதாயம் இருக்கிறது: கையெல்லாம் எண்ணெயாக இருக்கும்போது போனைத் தொட முடியாது, யாரும் ஒரு வேலையும் சொல்ல மாட்டார்கள். அந்த இருபது நிமிடத்தில் அடுப்படிப் பக்கம் போகவே வேண்டாம். வழுக்கும் கையில் கொதிக்கிற குழம்புச் சட்டி தங்காது.

தோளளவு முடிக்குச் சீயக்காய்த் தூள் மூன்று மேசைக்கரண்டி. வடிகஞ்சியை வெதுவெதுப்பாக ஊற்றிக் கரைத்து ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்தால் எண்ணெய் ஒரே தடவையில் போகும். கெட்டியாக வைத்துத் தேய்த்தால் தூள் தலையில் ஒட்டிக்கொண்டு மறுநாள் வரை உதிரும். உடம்புக்குப் பாசிப்பயற்று மாவு. தண்ணீர் கைபொறுக்கும் சூட்டில் இருந்தால் போதும். மிகவும் சூடான தண்ணீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். சட்டென்று எழும்போது கண் இருட்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உட்கார்ந்தே குளிக்கட்டும், கதவை உள்தாழ்ப்பாள் போட வேண்டாம். சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர்கள் தண்ணீரைக் கையால்தான் சோதிக்க வேண்டும். காய்ச்சல், சளி, தோலில் புண் இருக்கிற வாரம் எண்ணெய் வேண்டாம்.

கேஸ் கீசரைக் குளியலறைக்குள்ளேயே மாட்டியிருந்தால் இன்னும் கவனம். காற்றுப்போக்கு இல்லாத அறையில் அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும்; அதற்கு வாசனையே கிடையாது, மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். ஜன்னலைத் திறந்து வாளிகளை நிரப்பிக்கொண்டு, கீசரை அணைத்துவிட்டுப் பிறகு குளியுங்கள். கீசரை வெளிச்சுவரில் மாற்றி வைப்பதே சரி.

குளித்த அன்று மிளகு ரசமும் ஒரு துவையலும் போதும் என்பது பழைய வழக்கம். சமைக்கிறவருக்கும் அன்று பாதி விடுமுறை கிடைக்கும் என்பதால் இதை மாற்றாமல் விட்டுவிடலாம். எண்ணெய் தேய்த்த பகலில் தூங்கக் கூடாது என்பார்கள். சொக்கலில் மூன்று மணி நேரம் போய்விடும், ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருக்க வேண்டும். அதனால் அதையும் கேட்டுக்கொள்வது நல்லதே.

அந்த அரை நாளில் என்ன தப்பு நடக்கிறது என்றால், பரண் நினைவுக்கு வரும். "சும்மாதானே இருக்கோம், அந்த ஜாடிகளைத் துடைச்சு வெச்சிருவோம்." முதல் இரண்டு மூன்று வாரம் சும்மா இருப்பது உண்மையிலேயே இருப்புக் கொள்ளாது. கைக்கு ஏதாவது வேண்டும் என்றால் பனையோலையில் கொட்டான் (கூடை) முடையலாம், பூ கட்டலாம். யாரும் எண்ணிக் கேட்கப் போவதில்லை என்றால்தான் அது ஓய்வு. விற்பதற்கென்று முடைந்தால் அதுவும் வேலைதான்.

இரவுக்குப் பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். பழைய வீடுகளில் உயர்ந்த கூரையும் திறந்த முற்றமும் வெக்கையை மேலே அனுப்பிவிடும். பின்னால் கட்டிய கான்கிரீட் அறைகள் அப்படியில்லை. பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி பன்னிரண்டு மணி வரை இறக்கிக்கொண்டே இருக்கும். மாடித் தளத்துக்கு வெள்ளை அடித்துவிடுவது முதல் வைத்தியம். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை ஜன்னலை மூடி, இருட்டியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். அறைக்குள் 35 டிகிரிக்கு மேல் இருக்கும்போது மின்விசிறி அனல்காற்றைத்தான் வீசும். நனைத்துப் பிழிந்த துண்டைக் கழுத்திலும் கையிலும் ஒற்றிக்கொண்டு காற்றில் இருந்தால் குளிர்ச்சி தெரியும். படுப்பதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் அதன்பின் உடம்புச் சூடு இறங்கும்போது தூக்கம் தானாக வரும்.

இத்தனையும் ஒரு மாதம் செய்தும் அசதி போகவில்லை என்றால், அதைச் சோம்பேறித்தனம் என்றோ வயசு என்றோ ஒதுக்காமல் ரத்தத்தைப் பாருங்கள். 2019–21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12-க்கும் ஆண்களுக்கு 13-க்கும் கீழே இருந்தால் ரத்தசோகைதான். அதோடு தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் காபி, டீயோடு விழுங்காதீர்கள், இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டுக்கும் காபிக்கும் இடையிலேயே ஒரு மணி நேரம் விடுவது நல்லது. பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொன்னால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர்கள் எட்டு மணி நேரம் படுத்தாலும் களைப்போடுதான் எழுவார்கள். எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள்.

கல்யாண வாரத்தில் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. அப்போது முறை போட்டுக்கொள்ள வேண்டும். ராத்திரி பத்திலிருந்து இரண்டு வரை ஒரு ஜோடி விழித்திருக்கட்டும், இரண்டிலிருந்து ஆறு வரை இன்னொரு ஜோடி, மற்றவர்கள் படுக்கட்டும். காய்கறி வண்டிக்குக் கதவு திறக்க எட்டுப் பேர் தேவையில்லை. எட்டுப் பேரும் விழித்திருந்தால் முகூர்த்தத்தின்போது எட்டுப் பேரும் தூங்கி வழிவார்கள், சாவிக்கொத்து எங்கே என்று யாருக்கும் தெரியாது. வாடகைப் பாத்திரத்தை முதலிலேயே ஒரு நாள் கூடுதலாகப் பேசி எடுங்கள். அன்றைக்கே எண்ணித் திருப்ப வேண்டும் என்ற நெருக்கடி போனால், பூட்டி வைத்துவிட்டுப் படுக்கலாம். கெட்ட தூக்கத்தை ஒரே நாளில் பன்னிரண்டு மணி நேரம் தூங்கிச் சரிக்கட்டப் பார்த்தால் அடுத்த ராத்திரி கெடும். எழும் நேரத்தை அதிகம் மாற்றாமல், மூன்று நாலு இரவு ஒரு மணி நேரம் முன்னதாகப் படுப்பதுதான் சரிவரும்.

கடைசியாக, விருந்து முடிந்த அன்றே ராத்திரியோடு ராத்திரியாகச் சென்னைக்குக் கார் எடுப்பவர்கள். நானூறு கிலோமீட்டர், மூன்று நாள் தூக்கமில்லாத கண். காலைப் பல்லவன் ரயிலில் போக முடியுமானால் அதில் போங்கள். ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மாலையில் இரண்டு மணி நேரமாவது தூங்கிவிட்டுக் கிளம்புங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள். கடந்த நாலைந்து கிலோமீட்டர் எப்படிப் போனது என்று நினைவில்லையா, வண்டி கோட்டை மிதிக்கிறதா, அப்போது ஜன்னலை இறக்குவதும் பாட்டை உரக்க வைப்பதும் உதவாது. வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்கில் நிறுத்தி, ஒரு காபி குடித்து, உடனே சீட்டைச் சாய்த்து இருபது நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும், இரண்டும் சேர்ந்து கொஞ்ச தூரத்துக்குத் தாங்கும். எழுந்து முகம் கழுவிக் கொஞ்சம் நடந்துவிட்டு எடுக்கலாம். அதற்குப் பிறகும் கண் சொருகினால் வேறொருவர் ஓட்டட்டும். வேறொருவர் இல்லையென்றால் திருச்சியிலேயே ஒரு அறை எடுத்துப் படுத்துவிடுங்கள்.